டீச்சர் ஆக 26,700 டாலர்: கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கடிதம்

வணக்கம். நாங்கள் டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் இருக்கிறோம். எனக்கு 36 வயது. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். கல்யாணமாகி இங்கே வந்து 12 வருடம் ஆகிறது. எச்4 என்ற துணைவர் விசாவில் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தேன். போன வருடம்தான் கிரீன் கார்டு கிடைத்தது. பிள்ளைகளுக்கு 10 வயதும் 6 வயதும் ஆகின்றன. வீட்டுக்காரர் சம்பளம் வருடம் ஒரு லட்சத்து ஐயாயிரம் டாலர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முழுநேர டீச்சராக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வேறு மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் ஆன்லைனிலேயே எர்லி சைல்டுஹுட் எஜுகேஷனில் (குழந்தைப் பருவக் கல்வி) இரண்டு வருட அசோசியேட் டிகிரி படிக்கலாம் என்று விளம்பரம் பார்த்து விசாரித்தேன். மொத்தம் 60 கிரெடிட் (பாட அலகு), கிரெடிட்டுக்கு 420 டாலர், மற்ற கட்டணங்கள் 1,500. ஆக 26,700 டாலர். இரண்டு வருடத்தில் அரசுக் கடன் 20,000 கிடைக்கும், மீதி 6,700-க்கு வீட்டுக்காரர் கோ-சைன் செய்தால் 11 சதவீத வட்டியில் தனியார் கடன் கிடைக்கும் என்கிறார் அந்தக் கல்லூரி ஆலோசகர். டீச்சர்களுக்குச் சராசரியாக 62,000 டாலர் சம்பளம், கஷ்டப்பட்டால் வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டமும் உண்டு என்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடச் சொல்லி அடிக்கடி போன் செய்கிறார். வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. ஊரில் அம்மாவோ, "படிப்புக்குப் போடுற காசு வீண் போகாதும்மா" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். டீச்சர் ஆகும் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஆசைக்கும் இந்தக் கடனுக்கும் நீங்கள் நினைக்கும் தொடர்பு இல்லை.

அந்த ஆலோசகர் காட்டிய 62,000 பொய்யான எண் அல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அந்த வேலைக்கு இந்தப் படிப்பு போதாது. அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் அரசுப் பள்ளியில் முறையான சான்றிதழோடு வகுப்பாசிரியர் ஆவதற்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். டெக்சஸிலும் அதே விதிதான். இரண்டு வருட அசோசியேட் டிகிரியை நீட்டினால் அந்த வரிசையில் உங்களை நிற்க விடமாட்டார்கள்.

அசோசியேட் டிகிரி திறந்துவிடும் கதவுகள் வேறு. தனியார் பிரீஸ்கூல் ஆசிரியர், குழந்தைகள் காப்பகத்தில் மூத்த பொறுப்பு, குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் ஹெட் ஸ்டார்ட் மையங்களில் ஆசிரியர், அரசுப் பள்ளியில் டீச்சர் அசிஸ்டன்ட். மதிப்பான வேலைகள்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லித் தருபவருக்கு இந்த நாடு கொடுக்கும் கூலி வெட்கப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள். அதனால் அந்தக் கூலியை அப்படியே எழுதுகிறேன். அதே 2024 கணக்கில் பிரீஸ்கூல் ஆசிரியருக்கு வருடம் 37,000 டாலரை ஒட்டி, டீச்சர் அசிஸ்டன்டுக்கு 35,000-ஐ ஒட்டி, காப்பகப் பணியாளருக்கு 32,000-ஐ ஒட்டி வருகிறது. இவை நாடு முழுவதற்குமான எண்கள். டெக்சஸில் பல இடங்களில் டீச்சர் அசிஸ்டன்டுகளுக்கு இதைவிடக் குறைவாகவே கொடுக்கிறார்கள்.

ஆக, இந்தப் படிப்புக்கு வாங்கும் கடனை நிறுத்துப் பார்க்க வேண்டிய சம்பளம் 62,000 அல்ல, 37,000. அதிலும்கூட முழுத் தொகையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்தப் படிப்பே இல்லாமல் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் படிப்பு சம்பாதித்துக் கொடுப்பது.

டீச்சர் அசிஸ்டன்ட் வேலையை எடுத்துக்கொள்வோம். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் டைட்டில் ஒன் நிதியைப் பெறும் பள்ளிகளில் பாடம் சார்ந்து உதவும் அசிஸ்டன்டுகளுக்கு மத்திய அரசு கேட்பது மூன்றில் ஒன்று: இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அல்லது அசோசியேட் டிகிரி, அல்லது ஒரு தகுதித் தேர்வில் தேர்ச்சி. பாராப்ரோ என்ற தேர்வைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் பள்ளி அளவுக் கேள்விகள்தான். கணிதப் பட்டதாரியான உங்களுக்கு அதற்குச் சில வார உழைப்பு போதும். 26,700 டாலர் செலவழித்துத் திறக்கச் சொல்லும் கதவு சின்னத் தேர்வுக் கட்டணத்திலேயே திறக்கும்.

எனவே கடனில்லாமல் 35,000, கடனோடு 37,000. வித்தியாசம் வருடத்துக்கு 2,000 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். காப்பகப் பணியோடு ஒப்பிட்டால் 5,000 டாலர் வித்தியாசம் வரும். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சம்பளத்தோடு உங்கள் சம்பளமும் சேரும்போது கடைசியாகச் சேரும் டாலர்களுக்கு 22 சதவீத வருமான வரி அடுக்கு வந்துவிடும். சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்த்து 7.65 சதவீதம் தனி. 5,000-ல் கைக்கு வருவது 3,500 சொச்சம்.

இப்போது தவணைப் பக்கம் வருவோம். மத்தியக் கடனில் உங்களைப் போன்ற, பெற்றோரைச் சாராமல் தனித்து நிற்கும் மாணவருக்கு முதல் வருடம் 9,500, இரண்டாம் வருடம் 10,500 என்பது உச்ச வரம்பு. ஆலோசகர் சொன்ன 20,000 இதுதான். இருக்கிற வரம்பு முழுவதையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டு, மீதிக்குத் தனியார் கடனைக் காட்டியிருக்கிறார். உங்கள் குடும்ப வருமானத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அன்சப்சிடைஸ்டு கடனாகத்தான் இருக்கும். அதாவது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே வட்டி ஏறும். 2025-26 கல்வியாண்டின் வட்டி 6.39 சதவீதம். அதையே வைத்துப் போட்டால், இரண்டு வருடப் படிப்பும் அதன் பிறகான ஆறு மாத அவகாசமும் முடிந்து முதல் தவணை கட்டும் நாளில் 20,000 டாலர் ஏறக்குறைய 22,500 ஆகியிருக்கும். பத்து வருடத் திட்டத்தில் மாதம் 254 டாலர். தனியார் கடன் 6,700-க்கு 11 சதவீதத்தில் முதல் மாதமே கட்டத் தொடங்கினாலும் மாதம் 92. ஆக மாதம் 346, வருடம் 4,150. பத்து வருடத்தில் நீங்கள் கட்டி முடிப்பது 41,500 டாலர் அளவு.

வருடம் 2,000 அல்லது 3,500 கூடுதலாகச் சம்பாதிக்க வருடம் 4,150 கட்டுவதா? பத்து வருடம் வேலை பார்த்த பிறகும் இந்தப் படிப்பால் உங்கள் வீட்டுக்கு நஷ்டம்தான்.

இது என் தனிப்பட்ட கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2023-ல் மத்தியக் கல்வித்துறை முக்கியமாக லாப நோக்குக் கல்லூரிகளுக்காக வகுத்த விதியில் இருந்த அளவுகோல்களில் ஒன்று: படித்து முடித்தவரின் வருடக் கடன் தவணை அவருடைய வருடச் சம்பளத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 37,000-க்கு 8 சதவீதம் 2,960. உங்களுடையது 4,150, அதாவது 11 சதவீதத்துக்கு மேல். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இன்னொரு சோதனையையும் கொண்டுவந்திருக்கிறது. ஒரு படிப்பை முடித்தவர்களின் நடுநிலை வருமானம், அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு நின்ற 25 முதல் 34 வயதுக்காரர்களின் வருமானத்தைவிடக் குறைவாக மூன்றில் இரண்டு வருடம் இருந்தால், அந்தப் படிப்புக்கு மத்தியக் கடன் நின்றுபோகும். குழந்தைப் பருவக் கல்வி அசோசியேட் படிப்புகளுக்கு இந்தச் சோதனை கடினம் என்பதைச் சம்பளங்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். படிப்பின் தரம் அதற்குக் காரணம் அல்ல, அந்த வேலைக்குச் சமூகம் கொடுக்கும் கூலிதான் காரணம்.

"கஷ்டப்பட்டால் வருமானத்துக்கு ஏற்ற தவணை உண்டு" என்று அவர் சொன்னதை நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மவர் பலர் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் மத்தியக் கடனுக்கு இரண்டே திட்டங்கள்தான். ஒன்று நிலையான தவணை. மற்றது ராப் எனப்படும் வருமானம் சார்ந்த திட்டம். ராப்பில் வருட வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம் வரை தவணை, வரிக் கணக்கில் காட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 50 டாலர் கழிவு. கணவனும் மனைவியும் சேர்ந்து வரிக் கணக்கு கொடுத்தால் இருவர் வருமானமும் சேரும். உங்கள் 37,000-மும் அவருடைய ஒரு லட்சத்து ஐயாயிரமும் சேர்ந்தால் 1,42,000. அதற்கு 10 சதவீதம். பிள்ளைகளுக்கு 100 டாலர் கழித்த பிறகும் மாதம் 1,080-க்கு மேல். நிலையான தவணையே 254 தான்!

தனித்தனியாக வரிக் கணக்கு கொடுத்தால்? மற்ற பல மாநிலங்களில் அது உதவும். டெக்சஸ் கம்யூனிட்டி பிராப்பர்டி மாநிலம், அதாவது மணவாழ்வில் சம்பாதிப்பது இருவருக்கும் பொது என்று கொள்ளும் மாநிலம். இங்கே தனித்தனியாகக் கொடுத்தாலும் கணவன் மனைவி சம்பளம் இரண்டையும் சேர்த்துச் சரிபாதியாகப் பிரித்துத்தான் காட்ட வேண்டும். உங்கள் பங்குக்கு 71,000 வரும். அதற்கு 7 சதவீதம், மாதம் 414. பிள்ளைகளுக்கு 100 டாலர் கழித்தால் 314. அப்போதும் நிலையான தவணையைவிட அதிகம். வரிச் சலுகைகள் சிலவும் போய்விடும். ஆக, ஆலோசகர் காட்டிய பாதுகாப்பு வலை உங்கள் குடும்பத்துக்கு அநேகமாக உதவாது. தனியார் கடனுக்கோ ராப்பும் கிடையாது, மத்திய அரசின் வேறு எந்தத் தள்ளுபடியும் கிடையாது. நீங்கள் கட்டத் தவறினால் உங்கள் வீட்டுக்காரரிடம் வருவார்கள். கோ-சைன் என்றால் சாட்சிக் கையெழுத்து அல்ல, அதுவும் அவருடைய கடன்தான்.

ஆசிரியர்களுக்கான கடன் தள்ளுபடி என்று யாராவது பேச்செடுத்தால் அதற்கும் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் லோன் ஃபர்கிவ்னெஸ் திட்டத்துக்கு இளங்கலைப் பட்டமும் மாநிலச் சான்றிதழும் வேண்டும். ஆசிரியராகப் படிப்பவருக்கான டீச் கிராண்ட் என்ற மத்திய உதவித்தொகையில் வருடம் 4,000 டாலர் வரை வரும். ஆனால் எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில், பற்றாக்குறைப் பாடத்தில் முழுத் தகுதியுள்ள ஆசிரியராக வேலை பார்க்க வேண்டும். தவறினால் கொடுத்த நாளிலிருந்து வட்டி போட்டு அதையே கடனாக மாற்றிவிடுவார்கள். அசோசியேட் டிகிரியோடு நிற்பவர் அந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது.

கடனைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்.

அந்த ஆலோசகர் இதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். கல்லூரி நிதியுதவி அலுவலகங்களில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எச்4-ல் வருடக்கணக்கில் வீட்டில் இருந்த நம் பெண்கள் பலர், ஊரில் வாங்கிய பட்டம் இங்கே செல்லாது என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். யாரும் மதிப்பிட்டுச் சொன்னதில்லை. நீளமான காத்திருப்பில் தன்னம்பிக்கைதான் முதலில் தேய்கிறது. அந்த இடத்தில் பார்த்து, "எங்களிடம் முதலிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லும் விற்பனை எளிதாக எடுபடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

டெக்சஸில் ஏதாவதொரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் இருந்தால், மாற்றுச் சான்றிதழ் பாதை என்ற ஒன்று உண்டு. மாநிலக் கல்வி முகமையான டி.இ.ஏ. அனுமதித்த பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர வேண்டும். சேருவதற்குப் பொதுவாக 2.5 ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும். அத்துடன் பாடத்தில் போதிய கிரெடிட் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாடத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். உயர்நிலைக் கணிதத்துக்கு 15 கிரெடிட் கேட்கிறார்கள். மூன்று வருடம் கணிதம் மட்டுமே படித்த உங்களிடம் அது தாராளமாக இருக்கும். சில மாதப் பயிற்சி, மாநிலத்தின் டெக்செஸ் பாடத் தேர்வு, பிறகு இன்டர்ன் என்ற தற்காலிகச் சான்றிதழோடு ஒரு பள்ளியில் முழுச் சம்பளத்தில் ஆசிரியர் வேலை. ஒரு வருடம் மேற்பார்வையில் பாடம் நடத்தி, மீதித் தேர்வுகளையும் முடித்தால் ஸ்டாண்டர்டு என்ற முழுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ரிச்சர்ட்சனில் இருக்கும் ரீஜன் 10 கல்விச் சேவை மையமே இப்படியொரு திட்டம் நடத்துகிறது. உங்கள் வீட்டிலிருந்து கார் ஓட்டிப் போகும் தூரம்தான். இந்தத் திட்டங்களுக்கு ஆவது சில ஆயிரம் டாலர்தான். டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் பல பள்ளி மாவட்டங்கள் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கே 60,000 டாலருக்கு மேல் கொடுக்கின்றன. ஒவ்வொரு மாவட்டமும் தன் சம்பள அட்டவணையைப் பொதுவில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள்தான் உங்களுக்கு இஷ்டம் என்று தெரிகிறது. அதே பாதையில் பிரீ-கே என்ற மழலை வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரைக்கான சான்றிதழும் வாங்கலாம். அதற்கு எல்லாப் பாடங்களும் அடங்கிய தேர்வு ஒன்று, வாசிப்பு கற்பிக்கும் முறை பற்றிய தேர்வு ஒன்று. வாசிப்புத் தேர்வு 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். கணித ஆசிரியர்களுக்குப் பற்றாக்குறை அதிகம், வேலை சீக்கிரம் கிடைக்கும். ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருப்பதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால், அதற்காகப் படித்துத் தேர்வு எழுதுவது தகும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உங்கள் பி.எஸ்சி. மூன்று வருடப் பட்டம், இங்கே இளங்கலை நான்கு வருடம். டி.இ.ஏ. ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றிடம் உங்கள் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டும். மூன்று வருட இந்தியப் பட்டத்தை எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சில நிறுவனங்கள், பல்கலைக்கழகம், இந்தியக் கல்வி நிறுவனங்களைத் தரம் பிரிக்கும் நாக் அமைப்பின் 'ஏ' தரம் பெற்றிருந்து, மாணவர் முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தால், அமெரிக்க இளங்கலைக்குச் சமம் என்று எழுதுகின்றன. சில, மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதும். பணம் கட்டுவதற்கு முன்பே, மூன்று வருட பி.எஸ்சி.யை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று அந்த நிறுவனங்களிடமே கேளுங்கள். நீங்கள் சேர நினைக்கும் பயிற்சித் திட்டம் எந்தெந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்கும் என்பதையும் கேளுங்கள். ஆங்கிலத் திறனுக்கு டோஃபல் தேர்வு கேட்கலாம். அதில் பேச்சுப் பகுதிக்கு உயர்ந்த மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், பயிற்சி எடுத்துக்கொண்டு எழுதுங்கள். ஊரிலிருந்து பல்கலைக்கழக முத்திரையோடு ஆவணங்கள் வந்து சேரச் சில மாதம் ஆகலாம். அம்மாவோ தம்பியோ நேரில் போய்க் கேட்டால்தான் நகரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இதை இந்த வாரமே தொடங்குங்கள். மதிப்பீட்டுக்கு ஆகும் செலவு சில நூறு டாலர். உங்கள் முழு முடிவும் அந்த அறிக்கையில் தொங்குகிறது. அது கைக்கு வராமல் எந்தக் கல்லூரிக்கும் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

சமம் என்று வந்தால் வழி நேரானது. பெல் கிராண்ட் என்ற, திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய உதவித்தொகை கிடைக்காது, வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும் இளங்கலை முடித்தவருக்கு அது இல்லை. ஆனால் ஆகும் செலவு வீட்டுக்காரரின் சேமிப்பில் சமாளிக்கக்கூடியதாக இருக்கும்.

மூன்று வருடம் என்று மட்டும் வந்தாலும் உடைந்துபோக வேண்டாம். அசோசியேட் டிகிரி அப்போதும் தேவையில்லை, இரண்டு வருடப் படிப்பை நீங்கள் எப்போதோ தாண்டியாயிற்று. உங்கள் கிரெடிட்டுகளை மாற்றிக்கொண்டு இளங்கலையை முடிப்பதுதான் வழி. உங்கள் ஊர் டல்லாஸ் கவுண்டியில் இருப்பது இங்கே பெரிய வசதி. டல்லாஸ் காலேஜ், பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் தரும் கம்யூனிட்டி காலேஜாக இருந்தாலும் 2021-லிருந்து குழந்தைப் பருவக் கல்வியில் நான்கு வருட இளங்கலையையே கொடுக்கிறது. கவுண்டிவாசிகளுக்கான கட்டணம் அந்த ஆன்லைன் கல்லூரியின் 420-க்குப் பக்கத்தில்கூட வராது. நாட்டளவில் கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர்வாசிக்கு வருடம் முழுவதற்குமான கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவுதான். வீட்டை விட்டு நகர முடியாது, ஆன்லைன்தான் வேண்டும் என்றால், வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி போன்ற லாப நோக்கில்லாத நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் என்ற முறையில் ஆசிரியர் இளங்கலை தருகின்றன. வேகமாக முடிப்பவருக்குச் செலவு குறையும். எங்கே சேர்ந்தாலும், என் பி.எஸ்சி.யில் எத்தனை கிரெடிட்டை ஏற்கிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே சேருங்கள். பயிற்சி நேரத்தை நேரில் ஒரு பள்ளி வகுப்பறையில்தான் முடிக்க வேண்டும். ஆன்லைன் படிப்புக்கும் அது உண்டு.

இதெல்லாம் நடக்கும் மாதங்களில் சும்மா இருக்க வேண்டாம். பள்ளி மாவட்டத்தில், விடுப்பில் போகும் ஆசிரியருக்குப் பதிலாக வரும் சப்ஸ்டிட்யூட் டீச்சராக விண்ணப்பியுங்கள், 60 கிரெடிட் படித்திருந்தாலே சேர்த்துக்கொள்ளும் மாவட்டங்கள் இருக்கின்றன. அல்லது பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே அசிஸ்டன்ட் வேலை கேளுங்கள். தமிழ்ப் பள்ளியில் வருபவை நம் வீட்டுப் பிள்ளைகள், ஒரு மணி இரண்டு மணி நேரம். இங்கத்த அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகளோடு காலை ஏழரையிலிருந்து மூன்றரை வரை நிற்பது வேறு. ஒரு பருவம் நின்று பாருங்கள். பிடித்திருக்கிறதா என்பது தெரியும், சம்பளமும் வரும், பிரின்சிபாலுக்கு உங்கள் முகமும் தெரியும். இன்டர்ன் வேலை தேடும்போது அந்த அறிமுகம் மிகவும் உதவும்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் வேறு சிலர், "எனக்குப் பட்டமே இல்லையே, பிளஸ் டூவோடு வந்தேனே" என்று கேட்கலாம். அவர்களுக்கு அசோசியேட் டிகிரி நல்ல முதல் படியாக இருக்க முடியும். உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில், பின்னால் இளங்கலைக்கு முழுதாக மாற்றிக்கொள்ளக்கூடிய வகையாகப் பார்த்துச் சேர வேண்டும். டெக்சஸில் ஏ.ஏ.டி. என்ற ஆசிரியர் அசோசியேட் அதற்காகவே இருக்கிறது. ஏ.ஏ.எஸ். என்று முடியும் படிப்புகளில் கிரெடிட் பாதிதான் மாறும் ஆபத்து உண்டு. கிரீன் கார்டு இருந்து குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் பெல் கிராண்ட் வருடத்துக்கு 7,395 டாலர் வரை வரும், அதை வைத்தே கட்டணத்தை முடித்துவிடலாம். காப்பகத்தில் ஏற்கனவே வேலை பார்ப்பவர்களுக்கு டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் டி.இ.ஏ.சி.எச். எர்லி சைல்டுஹுட் உதவித்தொகை இருக்கிறது. ஹெட் ஸ்டார்ட் ஆசிரியர்களுக்கு 2007 சட்டப்படி குறைந்தது அசோசியேட் டிகிரி வேண்டும், அங்கே இந்தப் பட்டத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. எச்4-ல் இருப்பவர்களுக்கு மத்தியக் கடனும் கிடையாது, கிராண்டும் கிடையாது. அவர்கள் தனியார் கடன் வாங்கி இதைப் படிப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த ஆலோசகர் மறுபடி போன் செய்வார். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் டெக்சஸில் ஆசிரியர் சான்றிதழ் கிடைக்குமா? எழுத்தில் அனுப்புங்கள்." ஒரு படிப்பு மாநில உரிமத்துக்குப் போதுமானதா என்பதை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை கல்லூரிக்கு இருக்கிறது. எழுத்தில் வராது என்பது என் கணிப்பு. மாதக் கடைசி என்ற கெடு அவர்களுடைய கெடு. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, அடுத்த பருவம் வந்துகொண்டேதான் இருக்கும். ஒருவேளை அவசரத்தில் ஏற்கனவே ஏதாவது ஒப்புக்கொண்டு மத்தியக் கடன் வந்துவிட்டிருந்தால், 120 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலை முழுதாகப் படிக்கக் கொடுங்கள். இந்தக் கடன் வேண்டாம் என்று அவர் சொன்னது சரி. அதோடு பேச்சை முடித்துவிட்டால் சரியில்லை. மதிப்பீட்டுக் கட்டணம், டோஃபல், பயிற்சிக் கட்டணம் என்று அவர் இப்போது கொடுக்க வேண்டிய தொகை சிறியது. ஓரிரு வருடத்தில் வீட்டுக்கு வரக்கூடிய இரண்டாவது சம்பளம் பெரியது. ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து வாரத்தில் இன்னும் இரண்டு மாலை பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டால், நீங்கள் தேர்வுக்குப் படித்துவிடுவீர்கள்.

மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் "இளங்கலைக்குச் சமம்" என்று இருக்கிறதா, "மூன்று வருடப் படிப்பு" என்று இருக்கிறதா என்பதை எனக்கு எழுதுங்கள். எத்தனை கிரெடிட், ஜி.பி.ஏ. எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து எங்கே விண்ணப்பிப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.